தோளில் வைத்த கை



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்தில் ஓர் ஓவியத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வானொலியில் படத்தைக் காட்ட முடியாது, சொல்லத்தான் முடியும். ஆகையால் சற்றுப் பொறுமையோடு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் என்று முதலிலேயே வேண்டிக்கொள்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பதற்கு வேறொரு பொருத்தமும் உண்டு. அது போகப் போக விளங்கும்.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சிலர் என்னைத் தேடி வந்தார்கள். புதிதாகக் கட்டிய மண்டபத்தின் சுவருக்குப் பன்னிரண்டு அடி அகலத்தில் ஒரு போர்க்காட்சி வேண்டுமாம். பழைய காலத்து அரசன் ஒருவன் யானைமேல் இருந்து வாளை ஓங்க வேண்டும்; பின்னால் கொடிகள் பறக்க வேண்டும்; எதிரிகள் சிதறி ஓட வேண்டும். "சேர், பிள்ளைகள் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்த வேணும்" என்று அவர்களுள் ஒருவர் சொன்னார். முற்பணமும் தந்தார்கள். நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

முப்பது வருடங்களுக்கு மேலாகச் சித்திர ஆசிரியனாக இருந்தவன் நான். யானை கீறத் தெரியாதவன் அல்லன். ஆனால் தாளை விரித்து உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. யானையின் காலடியில் கிடப்பவர்கள் யார், அவர்களுக்கு முகம் வைப்பதா விடுவதா என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றது. இந்த நாட்டில் என் வயதுடைய ஒருவனால் போரைக் கொடியும் யானையுமாக மட்டும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்காக வாங்கிய காசுக்குச் சொன்ன வேலையைச் செய்யாமல் விடுவதும் நியாயமாகப் படவில்லை.

இப்படித் திண்டாடிக்கொண்டிருந்த வேளையில்தான் பழைய ஓவியப் புத்தகமொன்றை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அதில் இரண்டு பக்கங்களை நிறைத்து ஒரு படம் இருந்தது. புத்தகத்தின் நடு மடிப்பு அதிலிருந்த மனிதன் ஒருவனை விழுங்கியிருந்தது. ஜோன் சிங்கர் சார்ஜன்ட் என்ற ஓவியர் 1919இல் வரைந்து முடித்த படம் அது. 'வாயுவினால் தாக்குண்டோர்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அதுவும் அரசாங்கம் கேட்டு வரைவித்த படமே. கேட்டது என்ன, கொடுத்தது என்ன, இரண்டுக்கும் இடையில் நடந்தது என்ன என்பதையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கேட்டது

முதலாம் உலக மகாயுத்தத்தின் கடைசி வருடமான 1918இல், பிரித்தானிய அரசாங்கத்தின் தகவல் அமைச்சு யுத்த ஞாபகார்த்தங்களுக்கென ஒரு குழுவை அமைத்தது. மாண்டவர்களின் நினைவாக ஒரு பெரிய மண்டபம் கட்டுவதும், அதன் சுவர்களை யுத்த ஓவியங்களால் நிரப்புவதும் அக்குழுவின் திட்டம். போல் நாஷ், ஸ்டான்லி ஸ்பென்சர், விண்டம் லூயிஸ் போன்ற இளம் ஓவியர்களிடமெல்லாம் படங்கள் கேட்கப்பட்டன. மிகப் பெரிய படங்களுள் ஒன்றை வரையும் பொறுப்பு சார்ஜன்டிடம் வந்தது. பிரதமர் லொயிட் ஜோர்ஜே அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டார்.

அப்பொழுது சார்ஜன்டுக்கு வயது 62. அமெரிக்கப் பெற்றோருக்கு இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1856இல் பிறந்தவர். பரிசில் ஓவியம் பயின்றவர். பிறகு லண்டனில் குடியேறியவர். சீமாட்டிகளையும் பிரபுக்களையும் வரைவதில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் இல்லை. பட்டுச் சேலையின் பளபளப்பை நாலு தூரிகை வீச்சில் கொண்டுவந்துவிடுவார். ஆனால் 1907 அளவில் அந்த வேலை அலுத்துப்போய், உருவப்படம் வரைவதைப் பெரும்பாலும் கைவிட்டார். பொஸ்டன் நகரப் பொது நூலகத்தின் சுவர் ஓவியங்களிலேயே அவரது கவனம் அதிகம் சென்றது. வரிசையாக நிற்கும் தீர்க்கதரிசிகளின் நெடும் பட்டை ஒன்றை அங்கு அவர் வரைந்திருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் கேட்கப்பட்ட விடயம் இதுதான்: பிரித்தானியப் படையும் அமெரிக்கப் படையும் தோளோடு தோள் நின்று ஒத்துழைப்பதைக் காட்டும் ஒரு காவியப் படம். அமெரிக்கா 1917இல்தான் யுத்தத்தில் இறங்கியிருந்தது. லண்டனில் வாழும் அமெரிக்கரான சார்ஜன்ட் இரு தரப்புக்கும் பொதுவானவர். பிரித்தானியாவின் 'சேர்' பட்டத்தைக்கூட, அமெரிக்கப் பிரசாவுரிமையைத் துறக்க மனமில்லாமல் மறுத்தவர் அவர். ஆக, ஆளும் பொருத்தம், விடயமும் பொருத்தம் என்று அமைச்சு எண்ணியதில் வியப்பில்லை.

நேயர்களே, என்னிடம் கேட்கப்பட்ட யானைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. படத்தைக் கேட்பவர் எப்பொழுதும் ஒரு வாக்கியத்தையே கேட்கிறார். "நாங்கள் வென்றோம்", "நாங்கள் ஒன்றுபட்டோம்", "நாங்கள் பெரியவர்கள்" என்பன போன்ற வாக்கியங்கள். வரைபவனுக்கோ வாக்கியத்தைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அவனுக்கு ஓர் இடம் வேண்டும், ஒரு பொழுது வேண்டும், நிற்கும் மனிதர்கள் வேண்டும். அவர்களின் கால் எங்கே, கை எங்கே என்பது தெரிய வேண்டும்.

தேடியது

அதைத் தேடி 1918 ஜூலையில் சார்ஜன்ட் பிரான்ஸ் சென்றார். அவருடன் ஹென்றி டொங்ஸ் என்பவரும் சென்றார். டொங்ஸ் முதலில் சத்திரசிகிச்சை வைத்தியர். பின்னர் லண்டன் ஸ்லேட் ஓவியக் கல்லூரியின் கண்டிப்பான ஆசிரியர். யுத்த காலத்தில் முகம் சிதைந்த போர்வீரர்களைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வர்ணக் கட்டிகளால் வரைந்து வைத்தவர். அப்படங்களைப் பார்ப்பதற்கு இன்றும் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்.

படைகளோடு தங்கி, இடம் இடமாகச் சுற்றி, ஒத்துழைப்பைத் தேடினார் சார்ஜன்ட். அது கண்ணில் படவேயில்லை. பிரித்தானியர் ஓரிடத்தில் இருந்தார்கள், அமெரிக்கர் வேறோரிடத்தில் இருந்தார்கள். கட்டளைப் பத்திரங்களில் அவர்கள் ஒத்துழைத்தார்கள். வரையக்கூடிய விதத்தில் அல்ல.

இதைவிடப் பெரிய சிக்கலும் இருந்தது. பழைய ஓவியர்கள் போரை வரைந்தபோது படைகள் எதிரெதிரே நின்றன. குதிரை, ஈட்டி, கொடி எல்லாமே ஒரே பார்வைக்குள் அடங்கின. 1918இன் யுத்தமோ பதுங்குகுழி யுத்தம். பீரங்கி சுடுபவன் தான் சுடும் மனிதனைக் காண்பதில்லை. அபாயம் மிகுந்த இடத்தை நெருங்க நெருங்க மனிதர்கள் குறைந்து, மறைந்துபோகிறார்கள். காட்சி எவ்வளவுக்கு உக்கிரமானதோ அவ்வளவுக்கு அது வெறும் நிலமாகிவிடுகிறது என்ற கருத்தில் சார்ஜன்ட் தம் நண்பர் ஒருவருக்கு எழுதினார். போரை வரையப் போனவருக்குப் போர் தென்படவில்லை.

அதே கடிதத்தில், பெருந்தொகையான மனிதர்களைக் கொண்ட மூன்றே காட்சிகளைத்தான் கண்டதாக அவர் சொல்கிறார். ஒன்று, கண்கள் கட்டப்பட்ட மனிதர்களால் நிறைந்த ஒரு வயல். மற்றது, பீரங்கிக்குத் தீனியாகப் போகும் வீரர்களை ஏற்றிய புகைவண்டிப் பெட்டிகள். மூன்றாவது, படைகளும் வாகனங்களும் நெருக்கியடிக்கும் பெருவீதி. இம்மூன்றில் பெருவீதிக் காட்சியே ஏற்றதாகலாம் என்றுதான் அவர் அப்போது நினைத்தார். அதில் பிரித்தானியரும் அமெரிக்கரும் ஒன்றாக வருவார்கள் அல்லவா? ஆனால் குதிரைப் பந்தயத்துக்குப் போகும் கூட்டம் போல அது தோன்றிவிடுமோ என்ற ஐயத்தையும் சேர்த்தே எழுதினார். கேட்டதைக் கொடுக்கும் வழி அவருக்குத் தெரிந்தே இருந்தது. அந்த வீதியைக் குறிப்புப் படங்களாகவும் வரைந்து பார்த்தார். என்றாலும் மனம் அந்த வயலிலேயே நின்றது.

கண்டது

அந்த வயலைக் கண்டது 1918 ஆகஸ்ட் 21ஆம் திகதி மாலையில். அராஸ் நகருக்கும் டூலான் நகருக்கும் இடையிலான வீதியில், லெ பாக் டு சூட் என்ற இடத்தில் காயக்காரருக்கான சிகிச்சை நிலையம் ஒன்று இருந்தது. சில குடிசைகளும் கூடாரங்களுமே அந்த நிலையம். வாயுத் தாக்குதலுக்கு உள்ளானவர்கள் அங்கு கொண்டுவரப்படுகிறார்கள் எனத் தேநீர் வேளையின் பின் கேள்விப்பட்டு, சார்ஜன்டும் டொங்ஸும் அங்கு போனார்கள்.

அங்கு நடந்ததைப் பின்னர் டொங்ஸ் எழுதி வைத்திருக்கிறார். ஆறு ஆறு பேராக, ஓர் உதவியாளன் வழிகாட்ட, அவர்கள் வந்துகொண்டேயிருந்தார்களாம். புல்லில் உட்கார்ந்தும் கிடந்தும் இருந்தவர்கள் பல நூற்றுக்கணக்கானவர்கள். கண்களின் மேல் துணித்துண்டு. வேதனை பெரும்பாலும் கண்களில்தான். நல்ல தெளிந்த மாலை, சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. சார்ஜன்ட் அப்பொழுதே குறிப்புகள் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

கடுகு வாயுவைப் பற்றி ஓரிரு வார்த்தை சொல்ல வேண்டும். ஜேர்மனியர் அதை 1917 ஜூலையில் ஈப்ர் நகருக்கு அருகே முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். கடுகு அல்லது உள்ளி போன்ற மணம். பட்ட உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது. சில மணித்தியாலங்கள் கழிந்த பிறகே கண் எரிந்து வீங்கி மூடிக்கொள்ளும். தோலில் கொப்புளம் போடும். தொண்டையும் சுவாசப்பையும் புண்ணாகும். பெரும்பாலானோருக்குப் பார்வை பின்னர் திரும்பிவிடும். ஆனால் அந்த வரிசையில் நடப்பவனுக்குத் தான் பெரும்பாலானோரில் ஒருவனா இல்லையா என்பது தெரியாது.

இன்னுமொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். சார்ஜன்டின் சகோதரி மகள் றோஸ் மேரி. அவர் பிரியத்தோடு பலமுறை வரைந்த பெண். அவளுடைய கணவன் 1914 ஒக்டோபரில் போரில் மாண்டான். அதன் பின்னர் அவள் கண்ணிழந்த போர்வீரர்களுக்கான வைத்தியசாலை ஒன்றில் தாதியாகப் பணிசெய்தாள். 1918 மார்ச் 29, பெரிய வெள்ளிக்கிழமை. பரிசில் சென் ஜெர்வே தேவாலயத்தில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. வெகு தொலைவிலிருந்து ஜேர்மனியர் ஏவிய பீரங்கிக் குண்டு அதன் கூரையைத் தகர்த்தது. எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் அவளும் ஒருத்தி. இதற்கு ஐந்து மாதங்கள் கூட ஆகாத நிலையில்தான் கண்கட்டிய அந்த வரிசையின் முன் சார்ஜன்ட் நின்றார். இதனாலேயே அப்படத்தை வரைந்தார் என்று சொல்ல நான் துணியமாட்டேன். அவரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இதை அறிந்த பிறகு அப்படத்தை முன்போலப் பார்க்க என்னால் முடியவில்லை.

செப்டெம்பர் மாதக் கடைசியில் அவருக்கே காய்ச்சல் கண்டது. அந்த வருடம் உலகத்தை உலுக்கிய அதே இன்புளுவென்சாக் காய்ச்சல். ஒரு கிழமையளவு படை வைத்தியக் கூடாரத்தில், காயக்காரரின் முனகலுக்கும் வாயுவால் தாக்குண்டோரின் இருமலுக்கும் நடுவே கிடந்தார். பகலில் கண்டதை இரவில் காதால் கேட்கும் நிலையும் அவருக்கு வாய்த்தது.

அதன் பின்னர், கேட்ட விடயத்துக்குப் பதிலாக வாயுவினால் தாக்குண்டோரை வரையலாமா என்று அமைச்சுக்கு எழுதிக் கேட்டார். அமைச்சும் சம்மதித்தது. கேட்டவர்களை ஏமாற்றி வேறொன்றை அவர் கொடுத்துவிடவில்லை என்பதை இங்கு கவனிக்க வேண்டும். தாம் தேடியதையும் கிடைக்காததையும் கண்டதையும் நேராகச் சொல்லி, மாற்றத்துக்கு அனுமதி பெற்றார்.

வரைந்தது

லண்டனுக்குத் திரும்பி, புல்ஹம் வீதியிலிருந்த தமது பெரிய ஓவியக்கூடத்தில் வேலையைத் தொடங்கினார். 1919 மார்ச் மாதமளவில் படம் முடிந்தது. அகலம் ஆறு மீற்றருக்குச் சற்று மேல், உயரம் 2.31 மீற்றர். அதாவது இருபதடி அகலச் சுவர். முன்வரிசை மனிதர்கள் ஏறக்குறைய ஆளளவு உயரமானவர்கள்.

அத்தனை பெரிய கன்வசில் யாரும் நேரடியாகத் தூரிகையை வைப்பதில்லை. களத்தில் எடுத்த சிறு குறிப்புகளை வைத்துக்கொண்டு, ஆட்களை ஓவியக்கூடத்தில் நிறுத்தி, ஒவ்வோர் உருவமாகக் கரித்துண்டால் வரைந்து பார்த்தார். தோளைப் பற்றிய கை, தளர்ந்த முழங்கால், புல்லில் கிடப்பவனின் திரும்பிய தலை என்று தனித்தனியாக வரைந்தவற்றுள் பல இன்றும் அமெரிக்க நூதனசாலைகளில் இருக்கின்றன. இப்படிச் செய்வதற்குக் காரணம் உண்டு. களத்தில் கண்ட காட்சி ஒரு கணத்தில் மறைந்துவிடும். அதிலிருந்து எஞ்சுவது ஓர் அசைவின் ஞாபகம் மட்டுமே. அந்த அசைவை உயிருள்ள உடம்பில் மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும். குருடனைப் போல நடப்பவனை வரைய, கண் தெரிந்த ஒருவனின் கண்ணைக் கட்டித்தான் பார்க்க வேண்டும்.

இப்பொழுது, நேயர்களே, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். படத்தைச் சொல்கிறேன்.

மாலை நேரம். மஞ்சளும் மங்கிய இளஞ்சிவப்பும் கலந்த வானம். நிலத்தில் போட்ட மரப்பலகைப் பாதையில் ஒரு வரிசை. ஒன்பது போர்வீரர்கள், மும்மூன்று பேராக. ஒன்பது பேருக்கும் கண்களில் வெள்ளைத்துணி. ஒவ்வொருவன் கையும் முன்னால் போகிறவனைப் பற்றியிருக்கிறது. எங்கள் புகைவண்டிகளில் பார்வையற்ற பாடகர்கள் ஒருவர் தோளில் மற்றவர் கைவைத்து வருவதைக் கண்டவர்களுக்கு அந்த நடை தெரியும். வழிகாட்ட இரண்டு உதவியாளர்கள். வலப்புறத்தில் சில கயிறுகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. கூடாரம் படத்துக்கு வெளியே. கயிறுகளைக் கொண்டு நாம்தான் அதை ஊகிக்க வேண்டும். ஒருவன் முகத்தைத் திருப்பிக் குனிகிறான். ஒருவன் காலை மிக உயரத் தூக்கி அடி வைக்கிறான். படி வருகிறது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பாதையின் இருபுறமும் முன்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடக்கிறார்கள். தூரத்தில் இன்னொரு வரிசை வருகிறது.

அதற்கும் அப்பால், வரிசையின் கால்களுக்கு இடையால், சிறிதாக ஒரு காட்சி: சிவப்பும் நீலமும் அணிந்த இளைஞர்கள் உதைபந்து விளையாடுகிறார்கள். வானில் புள்ளிகளாகச் சில விமானங்கள். அடிவானத்தில் சந்திரன் ஏறுகிறது.

இதில் என்ன இல்லை என்று பாருங்கள். எதிரி இல்லை. கொடி இல்லை. தளபதி இல்லை. இரத்தம்கூட இல்லையென்றே சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்கள் இல்லை. ஆயுள் முழுவதும் கண்களை வரைந்தே பெயரெடுத்த உருவப்பட ஓவியர், தம்முடைய மிகப் பெரிய யுத்தப் படத்தில் ஒன்பது முகங்களின் கண்களையும் துணியால் மறைத்துவிட்டார். கண்ணில்லாத முகம் எதையும் சொல்லாது. ஆகவே சொல்ல வேண்டியதையெல்லாம் கையும் காலும் சொல்கின்றன. பொஸ்டன் நூலகத்தில் தீர்க்கதரிசிகளை வரிசையாக நிறுத்திய அனுபவம் இங்கு உதவியது. கோயில் சுவரின் சிற்ப வரிசை போல, மனிதர்கள் பக்கவாட்டாக நம்மைக் கடந்து போகிறார்கள். அவர்கள் நம்மைப் பார்ப்பதில்லை, நாமே பார்க்கிறோம்.

உதைபந்தாட்டத்தை ஏன் வைத்தார்? அதைக் கொடுமையான முரண் என்பாரும் உண்டு, வாழ்வு தொடர்கிறது என்பதற்கான அடையாளம் என்பாரும் உண்டு. எனக்கோ அது வெறும் உண்மையாகவே படுகிறது. ஒருவன் கண்ணிழந்து நடக்கும் அதே மாலையில் அருகிலேயே ஒருவன் பந்து அடித்துக்கொண்டுதான் இருப்பான். யுத்தத்துக்குள் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆறு ஆறாக வந்தவர்களை ஒன்பதாக்கி, மும்மூன்றாகப் பிரித்து, ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது ஓவியர் செய்த வேலை. கண்டதை அப்படியே வைப்பது வரைபடம். கண்டதிலிருந்து எதை விடுவது, எதைத் திரும்பத் திரும்பச் சொல்வது என்று தீர்மானிப்பதே சரித்திர ஓவியம்.

பாராட்டும் பழியும்

1919இல் றோயல் அக்கடமியில் படம் வைக்கப்பட்டபோது அது அந்த வருடத்தின் சிறந்த படமாகத் தெரிவுசெய்யப்பட்டது. எல்லோரும் பாராட்டினார்கள் என்று எண்ண வேண்டாம். எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃப், காலை அளவுக்கு மீறித் தூக்கும் அந்த ஒருவனைக் கண்டு வெறுப்படைந்தார். இரண்டங்குலப் படிக்கு அவ்வளவு உயரம் தூக்குவதில் அனுதாபத்தைப் பிடுங்கும் மிகைப்படுத்தலை அவர் கண்டார். நாவலாசிரியர் ஈ. எம். ஃபோஸ்டர் பின்னொரு சமயம் இன்னும் கடுமையாக எழுதினார். இந்த வீரர்கள் அளவுக்கு மீறி அழகானவர்கள். இவர்களைக் கண்டு வசதி படைத்தோர் நிம்மதியாகப் பெருமூச்சு விடலாம் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம்.

இவ்விரு குற்றச்சாட்டுகளையும் நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஃபோஸ்டர் சொன்னதில் உண்மை உண்டு. கடுகு வாயு செய்யும் கொப்புளங்களும் வீக்கமும் இப்படத்தில் இல்லை. அவற்றைப் பார்க்க டொங்ஸின் முகப்படங்களைப் போன்றவற்றிடம்தான் போக வேண்டும். மண்டபத்தில் தொங்கப்போகும் படம் என்ற நினைப்பு சார்ஜன்டின் கையைக் கொஞ்சம் கட்டியிருக்கலாம். ஆனால் வூல்ஃப் குறை கண்ட அந்தக் காலைப் பற்றி எனக்கு மாறுபட்ட எண்ணம் உண்டு. வெளிச்சமில்லாத இரவில் பழக்கமில்லாத வீட்டில் படி தேடியவர்களுக்குத் தெரியும், கால் அப்படித்தான் உயரும்.

புறூகல் என்ற நெதர்லாந்து ஓவியர் 1568இல் வரைந்த, குருடருக்குக் குருடர் வழிகாட்டும் படத்தோடு இதைச் சிலர் ஒப்பிடுவார்கள். அங்கே முதலாமவன் பள்ளத்தில் விழுந்துவிட்டான், மற்றவர்களும் விழப்போகிறார்கள். சார்ஜன்டின் வரிசை விழவில்லை. அதைப் பிடித்து நிறுத்துவது ஒவ்வொரு தோளிலும் உள்ள கைதான்.

இங்குதான், நேயர்களே, எனக்கு ஒன்று உறைத்தது. அமைச்சு கேட்டது ஒத்துழைப்பை. இரு நாடுகள் தோளோடு தோள் நிற்பதை. சார்ஜன்ட் அந்தச் சொல்லைத் தூக்கி எறியவில்லை. கொடிகளையும் நாடுகளையும் நீக்கிவிட்டு, மிச்சமிருந்த தோளையும் கையையும் வரைந்தார். கேட்டவர்கள் மனத்தில் வைத்திருந்தது ஒரு மேடைக் காட்சி. அந்தச் சொல்லுக்கு யுத்தகளத்தில் இருந்த உண்மையான உருவம் இதுதான் என்று கண்டுபிடித்துக் கொடுத்தார். கேட்டதைத்தான் கொடுத்தார், கேட்டவர்கள் அறியாத விதத்தில்.

அவர் எப்பொழுதும் இப்படிச் செய்தார் என்றும் சொல்வதற்கில்லை. 1922இல் அவர் முடித்த இன்னொரு கட்டளைப் படம் லண்டன் தேசிய உருவப்படக் காட்சிச்சாலையில் இருக்கிறது. பிரித்தானியப் பேரரசின் 22 தளபதிகள் பளபளக்கும் சப்பாத்துகளோடு வரிசையாக நிற்கிறார்கள். அதுவும் பெரிய படம், அதிலும் வரிசைதான். ஆனால் அந்த வரிசையில் யாரும் யார் தோளிலும் கைவைக்கவில்லை. கேட்டபடி முகங்கள் கிடைத்தன, அவ்வளவே. ஒரே கை, ஒரே திறமை. ஒன்று நினைவில் நிற்கிறது, மற்றது பெயர்ப் பட்டியலாக நிற்கிறது. வேறுபாடு திறமையில் இல்லை. முதற் படத்துக்கு அவர் தேடிப் போனார், கண்டார், வழியை மாற்றக் கேட்டார்.

அமைச்சு கட்ட நினைத்த ஞாபகார்த்த மண்டபம் கட்டப்படவேயில்லை. அதற்கென வரைந்த படங்கள் லண்டன் யுத்த நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. 'வாயுவினால் தாக்குண்டோர்' அங்கேதான் இருக்கிறது. மஞ்சளாகிப் போயிருந்த பழைய மெருகெண்ணெய்ப் பூச்சை அகற்றிச் சுத்தம் செய்து, 2023இல் திறந்த புதிய காட்சிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். சுவர் இல்லாமற் போனாலும் படம் பிழைத்துக்கொண்டது.

இனி என் யானைக்கு வருகிறேன். பழைய மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அரசனையும் யானையையும் விடமாட்டேன், ஆனால் அவற்றைச் சற்றுத் தூரத்தில் வைக்க அனுமதி வேண்டும் என்று கேட்டேன். முன்னால், போர் முடிந்த மாலையில், காயப்பட்ட ஒருவனை இருவர் தாங்கிக்கொண்டு குளக்கரைக்கு வருகிறார்கள். தாங்கி வருபவர்களில் ஒருவன் எதிர்ப்படையைச் சேர்ந்தவன். பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்துவார்களோ தெரியாது. கொஞ்சநேரம் நின்று பார்ப்பார்கள் என்று எழுதினேன். கரித்துண்டால் ஒரு சிறு வரைபும் சேர்த்து அனுப்பினேன்.

செயற்குழு கூடிப் பேசி அறிவிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை. முற்பணம் மேசை லாச்சியில் அப்படியே இருக்கிறது.